தண்ணீர் செய்யாத தப்பு

வெள்ளிக்கிழமை காலை ரொட்டி மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்த பிறகு தோரா தன் எண்ணைச் சொன்னாள்.

"நாலு புள்ளி ஒண்ணு."

ஈவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே தலையை ஆட்டினான். "இந்த வாட்டி நீ மாட்டுனே. பாதாம் நெறையப் போட்ட கிரிங்கிள்தான் வேணும் எனக்கு, இப்பவே சொல்லிட்டேன்."

மேசை சிரித்தது. பன்னிரண்டு வருடமாகச் சிரித்துவரும் சிரிப்பு அது. யூட்லாந்தில் ஃபியோர்டு என்னும் கடற்கழிக் கரையோரம் இருக்கும் அந்தப் பம்புத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றாலும் நிற்கும், வெள்ளிக்கிழமை ரொட்டி நிற்காது. மேலாளரிலிருந்து தரை துடைப்பவர் வரை ஒரே மேசை, ஒரே பாலாடைக்கட்டித் தட்டு, எல்லாருக்கும் எல்லாரும் 'நீ'தான். அந்த மேசைக்குப் பெரிய பொழுதுபோக்கு தோராவுக்கும் ஈவருக்கும் நடக்கிற பந்தயம்.

தோரா மாடியில் கணினிக்குள் தண்ணீரை ஓட்டுகிறவள். ஈவர் கீழே சோதனைக் கூடத்தில் நிஜத் தண்ணீரை ஓட்டுகிறவன். பம்பு தண்ணீரை உறிஞ்சும்போது அதன் வாயில் அழுத்தம் இறங்கும். அளவுக்கு மீறி இறங்கினால் பச்சைத் தண்ணீரே கொதித்துக் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் உள்ளே சுழலும் இம்பெல்லரின் மேல் போய் நொறுங்கி, உளி வைத்துக் கொத்துவதுபோல எஃகைக் கொத்தித் தின்னும். கேவிட்டேஷன் என்று அதற்குப் பெயர். அது வராமலிருக்க உறிஞ்சும் வாயில் குறைந்தது எத்தனை மீட்டர் அழுத்தம் இருந்தாக வேண்டும் என்பதுதான் தோரா சொல்லும் எண். அவள் கணக்குப் போட்டுச் சொல்வாள், ஈவர் அளந்து வருவான், இரண்டும் ஒட்டி வந்தால் அவளுக்கு ஜெயம், விலகினால் அவனுக்கு; தோற்றவர் அடுத்த வெள்ளிக்கு ஊர் பேக்கரியிலிருந்து கிரிங்கிள் என்ற இனிப்பு ரொட்டி வாங்கிவர வேண்டும்.

பெரும்பாலும் ஈவர்தான் வாங்கினான். பேக்கரிக்காரி அவனைக் கண்டதுமே பெட்டியை எடுத்து வைத்துவிடுவாள். தோராவின் கணக்கு அவ்வளவு துல்லியம். ஆம்ஸ்டர்டாமிலும் ஹாம்பர்க்கிலும் மேடையேறி அவள் தன் வரைகோடுகளைக் காட்டியபோது, ஈவர் அளந்த புள்ளிகள் அந்தக் கோட்டின் மேல் மாலையில் கோத்ததுபோல உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பேராசிரியர்களே வாயடைத்துப் போனார்கள். நிஜ அளவு என்றால் கொஞ்சம் அங்கே இங்கே சிதறும், இவளுக்கு மட்டும் சிதறாது. அதைத் தன் திறமை என்று அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

பந்தயத்துக்கு ஒரே ஒரு விதி. முடிவு வரும்வரை தோரா சோதனைக் கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஈவரின் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணை மாற்றினாள் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாதென்று அவளே போட்ட விதி அது.

காப்பிக் கோப்பையோடு அவள் மாடியேறினாள். மேசைமேல் அந்த வாரம் திரும்பி வந்திருந்த இம்பெல்லர் கிடந்தது. அதன் இறக்கைகளின் முனை எலி கடித்த ரொட்டிபோல ஓட்டை ஓட்டையாக அரித்திருந்தது. கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயல்களிலிருந்து தண்ணீரை இறைத்து அணைக்கரைக்கு வெளியே தள்ளுகிற நிலையத்தில் ஓடிய பம்பு அது. அங்கே மூன்று பம்புகள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹோல்கர் போன குளிர்காலத்திலிருந்தே புலம்பிக்கொண்டிருந்தான், பம்புக்குள் யாரோ ஜல்லியை அள்ளிக் கொட்டுகிற சத்தம் கேட்கிறது என்று. உன் வாய்க்கால் சல்லடையில் பாசி அடைத்திருக்கிறது, அதைச் சுத்தம் செய் என்று தோரா இரண்டு முறை பதில் எழுதினாள். அவன் சுத்தம் செய்து படம் எடுத்து அனுப்பினான். அதையும் அவள் நம்பவில்லை. படம் எடுக்கிற அன்றைக்கு மட்டும் துடைத்திருப்பான் என்று மேலாளரிடமே சொன்னாள். இரண்டாவது பதிலில் கொஞ்சம் காரமாகவே எழுதிவிட்டாள்.

இன்றைக்கு மூன்றாவதும் கடைசியுமான பதில். அதே ரகத்தில் மாற்றுப் பம்பு ஒன்று கீழே சோதனைக்குத் தயாராக இருந்தது; காலையில் அவள் எண் சொன்னது அதற்குத்தான். அதையும் அனுப்பி, தப்பு எங்களுடையது அல்ல என்று ஆதாரத்தோடு முடித்துவிடச் சொல்லியிருந்தார் மேலாளர் யெஸ்பர். ஆதாரத்துக்குப் படம் வேண்டுமே என்று தோரா தன் பழைய கணக்கைத் திறந்தாள். திரையில் தெரிந்த இறக்கையையும் மேசைமேல் கிடந்த இறக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

இரண்டும் ஒன்றல்ல.

திரையில் இறக்கையின் முனை மெல்லியதாக, முன்னால் நீண்டு வந்தது. கையிலிருந்ததில் முனை தடித்து, ஒரு விரல் அகலம் குட்டையாக இருந்தது. அரிப்பினால் அல்ல, வார்த்ததே அப்படித்தான். கொஞ்சம் தேடியதும் விஷயம் வெளியே வந்தது. அவ்வளவு மெல்லிய முனையை வார்க்க முடியாது என்று வார்ப்படக்காரர்கள் சொல்லி, மூன்று வருடத்துக்கு முன்பே வரைபடத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அவள் எடுத்துக் கணக்குப் போட்டது திருத்தத்துக்கு முந்தைய படம். அப்படி ஓர் இம்பெல்லர் உலகத்தில் செய்யப்படவே இல்லை.

அவள் முகம் சூடேறியது. பள்ளிக்கூடப் பிள்ளை செய்கிற தப்பு. ஹோல்கரை நினைத்ததும் கூசியது. சரி, தப்பு என்னுடையதுதான், எழுந்து போய் யெஸ்பரிடம் சொல்லிவிடலாம், ஹோல்கரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். ஒரு தப்பை ஒப்புக்கொள்வது அவளுக்குப் பெரிய காரியமில்லை.

பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள்.

இந்த ரகப் பம்புக்கு மூன்று வருடத்துக்கு முன்னாலும் பந்தயம் நடந்ததே. அன்றைக்கும் அவள் சொன்ன எண் இதே நாலு புள்ளி ஒன்று. ஈவர் அளந்து வந்தது நாலு புள்ளி பூஜ்யம். ஈவர் சோதித்தது நிஜமாக வார்த்த, குட்டை முனை இம்பெல்லரை. அவள் கணக்குப் போட்டதோ இல்லாத ஒன்றை. இரண்டுக்கும் எப்படி ஒரே விடை வரும்? அவள் தப்பான படத்தை எடுத்தது தண்ணீருக்கு எப்படித் தெரியும்? அவள் செய்த தப்பையே தண்ணீரும் எப்படிச் செய்தது?

தண்ணீர் அப்படிச் செய்யாது. வேறு யாரோ செய்திருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தன் விதியை மீறி அவள் சோதனைக் கூடத்துக் கதவைத் திறந்தாள். உள்ளே ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. சோதனை ஓடும்போது இந்தக் கூடத்தில் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாது என்று ஊரே சொல்லும். ஈவர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து ஃபுட்பால் செய்தி படித்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் திரையில் முடிவு ஏற்கெனவே ஏறியிருந்தது: நாலு புள்ளி இரண்டு.

தோரா பம்பின் அருகே போய் அதன் மேல் கை வைத்தாள். ஒரு பொட்டு ஈரமில்லை. உறிஞ்சும் வாயில் தூசு போகாமலிருக்க ஆலையில் அடைத்து அனுப்பும் மஞ்சள் பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது.

"மூடியக்கூட கழட்டலயே," என்றாள்.

ஈவர் எழுந்தான். திரையைப் பார்த்தான், மூடியைப் பார்த்தான். மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "உக்காரு தோரா," என்றான்.

"நான் உக்கார வரல. எவ்ளோ நாளா இது?"

அவன் சொன்னான். சுற்றி வளைக்காமல், பல வருடம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவன் மாதிரிச் சொன்னான். அவள் வந்த முதல் வருடம் அது. கையில் சின்னக் குழந்தை, விட்டுப்போன புருஷன், வாடகை அறை. கணினியெல்லாம் விளையாட்டுப் பொம்மை, ஒரு சாக்குக் கிடைத்தால் அந்தப் பெண்ணை அனுப்பிவிடலாம் என்று அப்போதைய மேலாளர் வெளிப்படையாகவே பேசிக்கொண்டிருந்தார். முதல் பம்புக்கு அவள் ஐந்து என்றாள். அளந்தால் ஏழரைக்கு மேல் வந்தது. அழுத்தம் காட்டும் கேஜ் தேய்ந்தால் சரிசெய்வதற்கென்று ஒரு திருத்த எண் உண்டு. ஈவர் அதைத் திருகி ஐந்தேகாலுக்குக் கொண்டுவந்தான். ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்துத்தான் செய்தான். ஆனால் அவள் அந்த ஐந்தேகாலை மாடிக்கு எடுத்துப்போய், தன் கணக்கில் குமிழ் உண்டாகிற வேகத்தையும் உடைகிற வேகத்தையும் அதற்கேற்ப மாற்றியமைத்துவிட்டாள். அடுத்த பம்பில் அவள் எண் நிஜத்திலிருந்து இன்னும் விலகியது. அவனும் இன்னும் கொஞ்சம் திருக வேண்டியிருந்தது.

தோரா பம்பின் மேலிருந்து கையை எடுத்தாள். பன்னிரண்டு வருடமாகப் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கணக்கு. ஒவ்வொரு சோதனைக்கும் பிறகு அதை அவள் தீட்டியது தண்ணீரின் மேல் அல்ல, இவனுடைய இரக்கத்தின் மேல்.

"நிறுத்தியிருக்கலாமே."

"எங்கன்னு நிறுத்துறது? ஒவ்வொரு வாட்டியும் உன் கணக்கு இன்னும் தள்ளித் தள்ளிப் போச்சு. அப்புறம் அளக்குறதையே விட்டுட்டேன்."

"அளக்குறதையே விட்டியா?"

"மத்ததெல்லாம் ஒழுங்கா அளப்பேன். எவ்ளோ தண்ணி, எவ்ளோ ஒசரம், எல்லாம்; இந்தப் பம்புக்கும் மத்தியானம் அளக்கத்தான் போறேன். இது ஒண்ணு மட்டும் இல்ல." ஈவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டான். "அளந்துட்டு மாத்தி எழுதுனா அது பொய். அளக்காமலே எழுதுனா, உம்மேல வெச்ச நம்பிக்கைன்னு எனக்கு நானே சொல்லிக்கலாம்ல."

அவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. "நான் மூணு வாட்டி தோத்தேனே, அது?"

"நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்தா யாருக்காவது சந்தேகம் வரும்."

எல்லாவற்றையும்விட அதுதான் அவளை அறுத்தது. இரண்டாவது முறை தோற்றபோது அவள் ஒரு மாதம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, தன் கணக்கு எங்கே பிசகியது என்று தேடி, தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றுக்கென்று புதிதாக ஒரு பகுதியையே எழுதிச் சேர்த்திருந்தாள். அதற்குத்தான் விருது கொடுத்தார்கள். இவன் ரொட்டி தின்றுகொண்டே வாய்க்கு வந்ததைப் போட்டுவைத்த எண்ணுக்குக் காரணம் கண்டுபிடித்து அவள் விருது வாங்கியிருக்கிறாள். விருது விழாவுக்கு இவன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினான். தேவாலயத்தில் மகளுக்கு உறுதிப்பூசுதல் நடந்த அன்றைய விருந்தில் எழுந்து நின்று, உன் அம்மா தண்ணீரின் மனதைப் படிப்பவள் என்று பேசினான். அன்றைக்கு அழுதாளே, அந்தக் கண்ணீரை நினைத்தாலே இப்போது கசந்தது.

"உனக்காகத்தான் தோரா. வேற என்ன இருக்கு எனக்கு இதுல?"

"என்னைக் கேட்டியா?" என்றாள். குரல் உயரவில்லை. "தப்புன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேலை போயிருக்கும். போகட்டுமே. வேற எடத்துல போய்க் கத்துக்கிட்டிருப்பேன். இப்ப எனக்கு என்ன தெரியும்? சொல்லு ஈவர், எனக்கு என்னதான் தெரியும்?"

உண்மையில் அவனுக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் அளப்பதை நிறுத்திப் பல வருடமாகியிருந்தது.

அப்போது அவள் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. ஹோல்கர். மூன்றாவது கடிதத்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே கூப்பிட்டிருந்தான். பின்னால் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது பம்பும் ஜல்லி அரைக்க ஆரம்பித்துவிட்டது, மூன்றாவது எந்த நேரமும் ஆரம்பிக்கும் என்றான். சல்லடையில் ஒரு புல் கிடையாது, வேண்டுமானால் நீயே வந்து நக்கிப் பார் என்றான். பேச அவனுக்கு உரிமை இருந்தது.

"ஹோல்கர், தப்பு எங்களோடது. உன் சல்லடை இல்ல," என்றாள் தோரா.

"சரி, அத அப்புறம் பேசிக்கலாம். நிறுத்தச் சொல்லாத. நிறுத்துனா பொழுது சாயறதுக்குள்ள தண்ணி மாட்டுக் கொட்டகைக்குள்ள வந்துடும். வேகத்தக் கொறச்சு ஓட்டலாமா? எவ்ளோ கொறைக்கணும், அத மட்டும் சொல்லு."

எண். எல்லாரும் அவளிடம் கேட்பது அதைத்தான். நாக்கின் நுனியில் ஒன்று வந்தும்விட்டது, பழக்கதோஷம். அதை விழுங்கிக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன், அதுவரை தண்ணீர் ஏறாத அளவுக்கு மெதுவாக ஓட்டு என்றாள்.

ஈவர் காது மூடியை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். "நான் அளக்கறேன். இந்த வாட்டி நெசமா. ரெண்டு மணி நேரம் குடு."

"வெளிய போ."

"உனக்கு இதெல்லாம் பூட்டத் தெரியாது, தோரா."

"வெளிய போன்னு சொன்னேன்."

முப்பது வருடம் தன் வீட்டுக்கூடம்போல ஆண்ட இடத்தை விட்டு அவன் வெளியே போனான். ரொம்ப தூரம் போகவில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், முடிவுக்காக அவள் வழக்கமாகக் காத்திருக்கும் மாடிப்படியின் அடியில் நின்றான்.

அவள் மஞ்சள் மூடியைப் பிடுங்கி எறிந்தாள். படித்த காலத்தில் செய்தது, கை மறந்திருந்தது. குழாயைப் பொருத்தும்போது ஒரு போல்ட்டு நழுவி விரலில் விழுந்து ரத்தம் கட்டியது. திருத்த எண்ணை அழித்தாள். இருந்த கேஜைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்டோரிலிருந்து சீல் உடைக்காத புதியது ஒன்றைக் கேட்டு வாங்கிப் பூட்டினாள். ஸ்டோர்க்காரன், ஈவர் எங்கே என்று கேட்டான். வேலையாக இருக்கிறான் என்றாள்.

ஓட்டப் போகும்போது கண்ணாடி தட்டப்பட்டது. ஈவர் மேலே கையைக் காட்டிக்கொண்டிருந்தான். காற்றை வெளியேற்றும் சின்ன வால்வை அவள் திறக்கவில்லை. அப்படியே ஓட்டியிருந்தால் அளவு மொத்தமும் கெட்டிருக்கும். அவன் சொன்னது சரி. சரியாக இருந்ததற்காகவே அவன்மேல் அவளுக்கு ஆத்திரம் வந்தது. வால்வைத் திறந்தாள், அவன் பக்கம் திரும்பவில்லை.

பம்பு ஓடியது. தொட்டியின் அழுத்தத்தை அவள் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். ஒன்பது, எட்டு, ஏழு. வெறும் இரைச்சல். ஆறரையைத் தாண்டும்போது அது வந்தது. இரும்பு வாளியில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குகிற சத்தம், முதலில் ஒன்றிரண்டு கல், பிறகு கை கையாக. தண்ணீரைத் தூக்கும் உயரம் சரிந்தது. ஆறு புள்ளி நாலு. ஹோல்கரின் நிலையத்தில் இருப்பதே ஐந்துதான். நாலு புள்ளி ஒன்று என்று அவள் சொன்ன இடத்துக்கு வெகு முன்னாலேயே பம்பு தன்னைத் தின்ன ஆரம்பித்திருந்தது. எத்தனையோ மேடைகளில் அவள் விளக்கிய சத்தம் அது. காதால் கேட்பது இன்றைக்குத்தான்.

நிறுத்தவில்லை. வேகத்தைக் குறைத்து மறுபடி இறக்கினாள், இன்னும் குறைத்து மறுபடி. நூற்றுக்கு எண்பதில் வைத்தபோது நாலு வரைக்கும் ஜல்லிச் சத்தமே வரவில்லை. ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தாள், மூன்றாவது தடவையும் பார்த்தாள். அளவுகள் ஒன்றோடொன்று கொஞ்சம் சிதறின. நிஜம் என்றால் அப்படித்தான் இருக்கும்.

இனி யெஸ்பரின் அறைக்குப் போக வேண்டும். எத்தனை பம்புகள், எத்தனை ஊர்களில் என்று அவர் கேட்பார். இவ்வளவு வருடம் உனக்கே தெரியாதா என்றும் கேட்பார், அதை அவர் நம்பமாட்டார். விருதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதெல்லாம் பிறகு. மழை காத்திருக்காது. அவள் பம்பை அணைத்துவிட்டு ஹோல்கரைக் கூப்பிட்டாள்.

"எண்பது. அதுக்கு மேல ஒரு முள்ளு கூட ஏத்தாத. எண்பதுல ஓட்டுனா பம்பு தாங்கும், தண்ணியும் ஏறாது."

"எண்பது," என்று ஹோல்கர் திருப்பிச் சொன்னான். பிறகு தயங்கினான். "இது உன் கம்ப்யூட்டர் சொன்னதா, இல்ல அளந்ததா?"

"அளந்தது."

"ஈவர் அளந்தானா?"

தோரா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈவர் படியில் உட்கார்ந்திருந்தான். அவள் உதடு அசைவதைப் பார்த்து, என்ன எண் என்று புருவத்தால் கேட்டான்.

"இல்ல. நான் அளந்தேன்."

ஹோல்கர் கெட்டவன் இல்லை, அவள்மேல் கோபம்கூட இப்போது இல்லை. மாடு கன்று வைத்திருக்கிறவன், நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தான்.

"கோவிச்சுக்காத தோரா," என்றான். "ஈவரையும் ஒரு வாட்டி பாத்துடச் சொல்லேன். அவன் சொல்லிட்டா எனக்கு நிம்மதி."